பெட்டி திறந்திருந்த நாற்பத்தாறு நிமிடங்கள்

எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சால்வையும் பூங்கொத்துமாக நின்றுகொண்டு கோபப்பட்டால் நன்றாக இருக்காது என்று சிரித்து மழுப்பிவிட்டேன். என் கோபம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் அன்று வந்த கோபம் உங்கள் மேல் வந்ததல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். "மேடம், கப்பலுக்கு அடியில முங்குற ஆட்களோட படகுல ஒரு பெரியவர் இருக்காரே, ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திட்டு வயர்லெஸ்ல கூப்பிட்டு, திரையில ஆள் தெரியுதான்னு கேக்காரு. அதான் சிஸ்டம் இருக்கே. அந்த வழக்கத்த நிறுத்திடலாமா?"

அந்தப் பெரியவரின் பெயர் சவரி. அவர் ஏன் கேட்கிறார் என்பதற்குக் காரணம் நான்.

நீங்கள் இன்று பராமரிக்கும் அந்தத் திரையின் முதல் வடிவத்தை எழுதியவள் நான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தில் வேலை எடுத்துச் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்துக்காக எழுதியது. கப்பலின் வயிற்றில் ஓடு ஓடாக ஒட்டி வளரும் கொட்டலசு என்னும் சிப்பிகளைச் சுரண்டுவது, விசிறியில் சுற்றிக்கொண்ட வலையை அறுத்தெடுப்பது, சுக்கானைத் தடவி விரிசல் பார்ப்பது எல்லாம் மனிதர்கள் முங்கிச் செய்யும் வேலை. முங்குகிறவர்கள் சங்கு குளித்துப் பழகிய கடற்கரைக் குடும்பத்து ஆட்கள்.

ஒருவர் தண்ணீருக்குள் இருக்கும்போது அந்தக் கப்பல் மட்டுமல்ல, முன்னும் பின்னும் கட்டியிருக்கும் கப்பல்களும் இன்ஜினைத் திருப்பக் கூடாது. பக்கத்துக் கப்பலின் விசிறி தள்ளும் தண்ணீரே ஆளைத் தூக்கி இரும்பில் அறைந்துவிடும். அதனால் எந்தக் கப்பலும் இன்ஜினைச் சோதிக்கும் முன் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையைப் போனில் கேட்க வேண்டும். அறையில் இருப்பவர் என் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார்.

முங்குகிறவர் தண்ணீரில் இறங்கும் முன் கைக்கருவியில் சிவப்புப் பட்டனை அழுத்துவார். மேலே வந்ததும் பச்சை. அந்தச் செய்தி கரைக்கு வந்து, சாக்கெட் என்ற இணைப்பு வழியாக அறையில் இருக்கும் கணினிக்கு வரும். திரையில் கப்பல்கள் வரிசையாகக் கட்டியிருக்கும் படம். சிவப்பு வந்தால் அந்தக் கப்பலுக்கு அடியில் ஒரு சிவப்பு மனிதன் தோன்றுவான், பச்சை வந்தால் மறைவான். அந்தச் சிவப்பு மனிதனை நானே புள்ளி புள்ளியாக வரைந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இப்படிப்பட்ட நிரல்கள் எப்படி ஓடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நிரல் எதையும் தேடிப் போகாது. ஏதாவது நடக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும். மவுஸை அழுத்தினால் ஒரு நிகழ்வு, நிமிடம் மாறினால் ஒரு நிகழ்வு, சாக்கெட்டில் செய்தி வந்தால் ஒரு நிகழ்வு. ஒவ்வொன்றுக்கும் நாம் எழுதி வைத்த பகுதியைக் கூப்பிடும். சாக்கெட்டைப் பொறுத்தவரை, கையில் வாங்கிய செய்தியோடு நம் வேலையை முடித்துத் திரும்பிப் போனால்தான் அடுத்த செய்தி வந்திருப்பதையே நமக்குச் சொல்லும்.

நிரல் ஓடத் தொடங்கி நாலைந்து மாதம் ஆனபோது நிறுவனத்தின் மேலாளர் கூப்பிட்டார். கைக்கருவியில் பேட்டரி குறைந்தால் அறையில் யாரும் கவனிப்பதில்லை, கண்ணில் குத்துகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். பத்து நிமிட வேலை. பேட்டரி பற்றிய செய்தியும் அதே சாக்கெட்டில்தான் வருகிறது. அதை வாங்கும் இடத்திலேயே, திரைக்கு நடுவில் ஒரு பெட்டி எழும்படி எழுதினேன். "பேட்டரி குறைவு" என்று ஒரு வரி, கீழே "சரி" என்று ஒரு பட்டன். என் மேசையில் இருபது முறை சோதித்தேன். பெட்டி வரும், சரி என்று அழுத்துவேன், பெட்டி போகும். இருபது முறையும் கண் மூடித் திறப்பதற்குள் அழுத்தினேன். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அறையின் பழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. பகல் பணியில் இருந்த அண்ணாச்சி முத்தையாபுரத்தில் எங்கள் தெருக்காரர். கணினி வருவதற்கு முன்பிருந்தே அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. பணி முடிகிற நேரத்தில் ஏதாவது விசேஷமான தகவல் வந்தால், ரிஜிஸ்டரை மூட மாட்டார்கள். திறந்த பக்கத்தின் மேல் ஒரு சங்கை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் படித்துவிட்டு, தன் கையால் சங்கை எடுத்த பிறகுதான் பக்கத்தைத் திருப்ப வேண்டும். எப்போதோ ஒருவர் மூடிவிட்டுப் போய், அடுத்தவர் பார்க்காமல் விட்டு, ஏதோ அசம்பாவிதம் நடந்ததால் வந்த வழக்கம். அந்தச் சங்கைப் பல தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அழகான சங்கு. அதற்கும் என் பெட்டிக்கும் உறவு இருக்கும் என்று யோசித்ததில்லை.

அன்று நான் வேறொரு சிறு வேலைக்காக அறைக்குப் போயிருந்தேன். மதியம் ஒன்று இருபத்தைந்துக்குப் பெட்டி எழுந்தது. ஏதோ ஒரு படகின் கருவியில் பேட்டரி குறைவு. அண்ணாச்சி படித்தார். மவுஸைத் தொடவில்லை.

"ரெண்டு மணிக்கு வாறவன்தான் பேட்டரி மாத்தி அனுப்பணும். அவன் வந்து பாத்துட்டு மூடட்டும்" என்றார். சங்கு வைப்பது போலப் பெட்டியை அப்படியே விட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெட்டி திரையை மறைக்கிறதே என்று அதைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துவிட்டேன். அது நகர்ந்தது. திரையின் மேல் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் உயிரோடு இருப்பது போலத்தான் இருந்தது.

ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் போன் வந்தது. ஒரு கப்பலின் முகவர். இன்ஜினைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். அண்ணாச்சி திரையைப் பார்த்தார். எந்தக் கப்பலுக்கு அடியிலும் சிவப்பு இல்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, திரை சரியாத்தான காட்டுது? பின்னால நிக்க கப்பல்ல இந்நேரம் சவரி இறங்கியிருக்கணுமே."

"சரியாத்தான் காட்டுது அண்ணாச்சி. மேல மணியப் பாருங்க, ஓடிக்கிட்டுதான இருக்கு. இன்னும் இறங்கியிருக்க மாட்டாரு."

அவருக்குச் சந்தேகம் வந்தது. அதை அணைத்தது நான். இந்த வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அண்ணாச்சி போனில் "ஆகட்டும், திருப்புங்க" என்றார்.

சவரி ஒன்று நாற்பதுக்கே இறங்கியிருந்தார். பின்னால் நின்ற கப்பலின் சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்தார். படகில் அவருடைய கயிற்றைப் பிடித்திருந்தவர் மச்சான் லூர்து, மனைவியின் அண்ணன். முங்குகிறவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்களிடம் உள்ள பழக்கம். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கும்போது எவனும் அசட்டையாக இருக்க மாட்டான் என்பது கணக்கு. கயிறு கையில் இருக்கும்வரை அவர் பேச மாட்டார், பீடி பற்ற வைக்க மாட்டார், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

முன் கப்பலின் விசிறி சுழலத் தொடங்கியதும் தன் காலுக்குக் கீழே படகுப் பலகை நடுங்குவதை லூர்து உணர்ந்தார். என்ன ஏது என்று யாரையும் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுக்க ஒரு கையை விடவேண்டும். விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அதற்குள் தண்ணீர் சவரியைச் சுக்கானில் ஒரு தடவை அறைந்திருந்தது. இடது கை தோளிலிருந்து மணிக்கட்டுவரை நொறுங்கியிருந்தது. காற்றுக் குழாய் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் கீழே இருந்திருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பார்.

வயர்லெஸ்ஸில் லூர்துவின் குரல் வந்தது. "மச்சானுக்கு அடிபட்டுட்டு. வண்டி அனுப்புங்க. எவம்ல இன்ஜினத் திருப்பச் சொன்னது?"

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். திரையில் அப்போதும் சிவப்பு இல்லை.

இரண்டு பதினொன்றுக்கு அடுத்த பணிக்காரர் பஸ் தாமதம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நேராகத் திரைக்குப் போனார், பெட்டியைப் படித்தார், சரி என்று அழுத்தினார். பெட்டி மறைந்தது. அடுத்த கணம் பின் கப்பலுக்கு அடியில் சிவப்பு மனிதன் தோன்றினான். படகில் ரத்தத்தோடு கிடக்கும் ஒருவர் அப்போதுதான் தண்ணீருக்குள் இறங்குவதாக என் திரை சொன்னது.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டதா என்று கேட்டால், பாதி புரிந்துவிட்டது. மீதியைப் புரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தேன். பெட்டியை வரவழைத்து, சரி என்று அழுத்தாமல் விட்டேன். பத்துச் செய்திகளை அனுப்பினேன். கடிகாரம் ஓடியது, மவுஸ் நகர்ந்தது, திரை மறுபடி மறுபடி தன்னை வரைந்துகொண்டது. சாக்கெட் மட்டும் வாய் திறக்கவில்லை. என்னுடைய பகுதி பெட்டிக்குப் பதில் கிடைக்காமல் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. அது திரும்பி வராமல் அடுத்த செய்தி வந்ததை எனக்குச் சொல்ல ஆளில்லை. பெட்டியை மூடினேன். பத்தும் ஒன்றாகக் கொட்டின. பத்துக்கும் அந்த நிமிடத்தின் நேரமே பதிவானது. செய்தி புறப்பட்ட நேரத்தை நான் குறிக்கவில்லை, நான் வாங்கிய நேரத்தைக் குறித்திருந்தேன்.

எல்லாம் தெரிந்த பிறகும் நான் அன்று யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், விசாரணையில் என்ன கேட்கிறார்கள் பார்க்கலாம் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். பயம். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

மூன்றாம் நாள் காலை மேலாளர் அறையில் விசாரணை. அண்ணாச்சி ஓரமாக நின்றார். லூர்து கோயிலுக்குப் போவது போல வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். மேலாளர் என் நிரலின் பதிவை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஒண்ணு ஐம்பத்திரண்டுக்கு அனுமதி கொடுத்திருக்கு. சிவப்பு வந்தது ரெண்டு பதினொண்ணுக்கு. அப்ப என்ன அர்த்தம்? அழுத்தாம இறங்கியிருக்காரு. அடிபட்ட பிறகு தப்பிக்கறதுக்காக யாரோ அழுத்தியிருக்கீங்க."

"மச்சான் இறங்குறதுக்கு முந்தியே அழுத்துனாரு சார். நான் கண்ணால பாத்தேன்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

துறைமுகத்துக்குள் நுழையும் பாஸ் இரண்டு பேருக்கும் ரத்தாகும் என்று மேலாளர் சொன்னார். பாஸ் போனால் அந்த வேலை போனது. பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்க பதிவு சரிதானே? ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க."

பேனா மேசையில் இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாராலும் அதை மறுக்க முடிந்திருக்காது. அந்த நிரலை அறிந்த ஒரே ஆள் நான்தான். அண்ணாச்சியைப் பார்த்தேன். இரண்டு நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. தன் கண்தான் ஏமாந்துவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"பதிவு தப்பு சார்" என்றேன். "அவர் சரியான நேரத்துக்குத்தான் அழுத்தியிருக்கார். என் நிரல் அதை வாங்காம உக்காந்திருந்துச்சு. தப்பு என்னோடது."

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். என் கணினியைத் திறந்து அவர்கள் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். அண்ணாச்சிதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்பம் நான் அந்தப் பெட்டிய மூடியிருந்தா சவரிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அப்பிடித்தான?"

"நீங்க செஞ்சதுதான் சரி அண்ணாச்சி. பெட்டிய எவ்வளவு நேரம் வேணும்னாலும் திறந்து வைக்கலாம். அதுக்குத் தாக்குப்பிடிக்கற மாதிரி நான்தான் எழுதியிருக்கணும்."

லூர்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்க்கா?"

"நேத்து" என்றேன். பிறகு, "முந்தாநாளே பாதி தெரியும்."

"நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரில தங்கச்சி மச்சான்ட்ட கேட்டா, 'நெசமாவே அழுத்தாமலா இறங்குனிய'ன்னு. கம்பெனிக்காரங்க சொன்னத நம்பிட்டா. மச்சான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நிரலில் தப்பு செய்யாதவர் யாரும் இல்லை, நீங்களும் செய்வீர்கள். ஆனால் அந்த ஒரு நாள் மௌனத்துக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஒரு மனிதர் தன் மனைவிக்கு முன்னால் பொய்யராகப் படுத்துக் கிடந்தார், நான் நாளைக்குச் சொல்லலாம் என்று சோறு சாப்பிட்டேன்.

பாஸ் ரத்தாகவில்லை. நிறுவனம் என்னை மாற்றச் சொல்லவில்லை, திரையை மாற்றச் சொன்னது. எழுதும் முன் நான் படகுக்குப் போனேன். லூர்து அன்று வேறொருவருக்குக் கயிறு பிடித்திருந்தார், அந்த ஆளும் அவருடைய இன்னொரு தங்கை வீட்டுக்காரர்தான். வேலை முடியும்வரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். கீழேயிருந்து ஒரு சுண்டு பதிலுக்கு வரும். ஆள் மேலே வந்த பிறகு கேட்டேன்.

"பதில் வரலன்னா?"

"தூக்கிருவோம்."

"வேலை மும்முரத்துல மறந்திருந்தா?"

"மேல வந்து என்னைய ஏசட்டும்" என்றார்.

நான் திரையைத் திருத்தியது இதை வைத்துத்தான். செய்தியை வாங்கும் பகுதி இப்போது வாங்குவதை மட்டும் செய்கிறது. வாங்கி, வரிசையில் வைத்துவிட்டு, உடனே திரும்பிவிடும். எச்சரிக்கையெல்லாம் திரையின் அடியில் ஒரு பட்டையில் போய் நிற்கும், அடுத்த பணிக்காரர் வந்து பார்த்து மூடும்வரை நாள் முழுக்க நிற்கலாம், யாரையும் தடுக்காது. செய்தி கருவியிலிருந்து புறப்பட்ட நேரமும் கூடவே வருகிறது. ஒவ்வொரு கருவியும் சும்மா இருக்கும்போதும் ஒரு சுண்டு அனுப்பிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் சுண்டு வராவிட்டால், அந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறமாகி "தெரியவில்லை" என்று எழுதிக் காட்டும். தெரியவில்லை என்றால் இன்ஜின் திரும்பக் கூடாது.

முதல் வாரம் அந்தச் சாம்பல் நிறம் அடிக்கடி வந்தது. கப்பல்கள் காத்துக் கிடந்தன. முகவர்கள் போனில் ஏசினார்கள். மேலாளருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஏதோ ரிப்பேர் ஆன மாதிரி இருக்கிறது என்றார். அண்ணாச்சிதான் ஒருநாள் ஒரு முகவரிடம் சத்தம் போட்டுச் சொன்னார்: "தெரியலன்னு போட்டிருக்கு. தெரியாம நான் எப்பிடிச் சொல்ல? பொறுங்க." அதற்குப் பிறகு யாரும் நிறத்தை மாற்றச் சொல்லவில்லை.

சவரியின் இடது கை பிறகு நீளவே இல்லை. முங்க முடியாது, கயிறும் பிடிக்க முடியாது. லூர்து இப்போது முங்குகிறார். அவருடைய கயிற்றை அவர் மனைவியின் தம்பி பிடிக்கிறார். சவரி கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டு அதே படகில் உட்கார்ந்திருக்கிறார். சிவப்பை அழுத்துகிறார், வயர்லெஸ்ஸை எடுக்கிறார், திரையில் ஆள் தெரியுதா என்று கேட்கிறார். அறையில் இருப்பவர் பார்த்துப் பதில் சொன்ன பிறகுதான் லூர்து இறங்குவார். நீங்கள் நிறுத்தலாமா என்று கேட்டது இதைத்தான்.

வேலையின் கடைசி வாரத்தில் சொல்லிக்கொண்டு போக அந்த அறைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி ஓய்வுபெற்று வெகு காலம் ஆகிறது. பணியில் இருந்த பெண் வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். சிவப்பு மனிதன் தோன்றினான். அடுத்து வயர்லெஸ் கரகரத்தது.

"திரையில ஆள் தெரியுதா?"

நான் எடுத்தேன். "தெரியுதுண்ணே."

என் குரலை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

நான் மறுபடி பார்த்தேன். எந்தக் கப்பல், எத்தனை மணிக்குப் புறப்பட்ட செய்தி, கடைசிச் சுண்டு எப்போது வந்தது, எல்லாவற்றையும் விரலை வைத்துப் பார்த்தேன். "இருக்காருண்ணே. பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து நாற்காலியைக் கேட்டாள். சிவப்பு மனிதன் மறையும்வரை நான் எழுந்திருக்கவில்லை.